லிஃப்டில் பேய் இல்லை: ஆங்கிலப் பேச்சில் ஒளிந்திருக்கும் அணிகள்

நமது சமூகக் கூடத்தில், காலாண்டுப் பொதுக்கூட்டம் முடிந்தபின் ஆற்றிய உரை. வர இயலாத குடியிருப்பாளர்களுக்காக எழுத்து வடிவில்.



பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, பார்க்கிங் தகராறு என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். சுண்டல் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணமே நம் லிஃப்ட்தான். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டார். "பி பிளாக் லிஃப்ட் ஹாஸ் கிவன் அப் தி கோஸ்ட்." அன்று மாலை மூன்றாம் மாடி மாமி ஒருவர் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு படியேறி வந்துகொண்டிருந்தார். "லிஃப்ட் ரிப்பேர் ஆகிவிட்டதே மாமி" என்றேன். "ஆகிவிட்டதோ இல்லையோ, பேய் இருக்கிற இடத்தில் நான் ஏற மாட்டேன்" என்றார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். சொல்லும்போது அவரும் சிரித்தார்.

ஆனால் மாமி செய்தது பெரிய தவறில்லை. ஆங்கிலத்தில் "கோஸ்ட்" என்றால் இன்று பேய். பழைய ஆங்கிலத்தில் அது உயிர், மூச்சு, ஆவி. தமிழிலும் அப்படித்தானே? "ஆவி பிரிந்தது" என்றால் யாரும் பேயை நினைப்பதில்லை. இட்லிப் பானையிலிருந்து வருவதும் ஆவிதான். லிஃப்ட் தன் ஆவியை விட்டுவிட்டது, அதாவது ஓடாமல் நின்றுவிட்டது என்பதுதான் அந்த வரியின் பொருள். உயிரில்லாத லிஃப்டுக்கு உயிர் இருப்பதுபோலப் பேசுவதற்கு ஆங்கிலத்தில் "பெர்சானிஃபிகேஷன்" என்று பெயர்.

இதைக் கேட்ட நம் செயலாளர், "நம் பிள்ளைகளுக்குப் பரீட்சையிலும் இதுதானே வருகிறது? ஒருநாள் பேசுங்கள்" என்றார். உண்மைதான். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பாட்டு வரியைக் கொடுத்து என்ன அணி என்று கேட்பார்கள். பிள்ளைகள் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். நான் மதிப்பெண்ணுக்காக மட்டும் பேச வரவில்லை. இந்த அணிகளைக் கவனிக்காமல் விட்டதால் என் வாழ்க்கையில் இரண்டு முறை அடிபட்டிருக்கிறேன். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. சொல் தன் நேர்ப்பொருளை விட்டு வேறொரு பொருளைச் சுமந்து வருவதுதான் அணி. ஆங்கிலத்தில் "மெட்டஃபர்" என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்வது. இன்றும் கிரேக்க நாட்டில் வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் வண்டிகளின் மேல் அந்தச் சொல்தான் எழுதியிருக்கும். நம் கேட்டில் நிற்கும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அணியின் வேலை உங்களுக்கு மறக்காது.

இதெல்லாம் நமக்குப் புதிதுமல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே தனி இயல் இருக்கிறது. தண்டியலங்காரம் முழுக்க முழுக்க அணிகளுக்கான நூல். ஆகவே ஆங்கில அணியைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் வீட்டில் இருப்பவற்றையே காட்டி அறிமுகப்படுத்துகிறேன்.

உவமையிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலத்தில் "சிமிலி". "லைக்" அல்லது "ஆஸ்" என்ற சொல் வரும். "ஆஸ் பிஸி ஆஸ் எ பீ" என்றால் தேனீபோலச் சுறுசுறுப்பு. இங்கே பிள்ளைகள் ஒரு தவறு செய்வார்கள். "லைக்" கண்ட இடமெல்லாம் சிமிலி என்று எழுதிவிடுவார்கள். "ஷீ லுக்ஸ் லைக் ஹர் மதர்" என்பது உவமை ஆகாது. மகளும் மனுஷி, தாயும் மனுஷி. ஒரே இனத்தை ஒப்பிட்டால் அது வெறும் ஒப்பீடு. வேறு வேறு இனப் பொருள்களுக்கு நடுவே ஒற்றுமை காட்டினால்தான் உவமை. "ஐ லைக் காபி" என்பதில் அந்தச் சொல்லுக்கு வேலையே வேறு. ஆகவே சொல்லைத் தேடாதீர்கள், ஒப்பிடப்படும் இரண்டு பொருள்களைத் தேடுங்கள்.

"லைக்", "ஆஸ்" இரண்டையும் எடுத்துவிட்டு இதுதான் அது என்று அடித்துச் சொன்னால் "மெட்டஃபர்", நம் உருவகம். தமிழில் இதைச் சொல் வரிசையிலேயே காட்டலாம். "மலர்முகம்" என்றால் மலர் போன்ற முகம், உவமை. "முகமலர்" என்றால் முகமே மலர், உருவகம். ஆங்கிலத்தில் "ஹீ ஃபாட் லைக் எ லயன்" உவமை. "ஹீ வாஸ் எ லயன் இன் தி ஃபைட்" உருவகம்.

உருவகங்களில் பழகிப் பழகி உயிர் போனவையும் உண்டு. அவற்றை இரு மொழியிலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். நூல் கோக்கும் ஊசித் துளையை நாம் ஊசியின் காது என்கிறோம். ஆங்கிலேயருக்கு அது ஊசியின் கண். கடிகாரத்தில் நமக்கு முள், அவர்களுக்குக் கை. ஆறு கடலில் சேரும் இடம் நமக்கு முகத்துவாரம், அவர்களுக்கு வாய். காலம் நமக்கு ஓடுகிறது, அவர்களுக்குப் பறக்கிறது. மேசைக்கு மட்டும் இரண்டு பேருமே கால் வைத்திருக்கிறோம். ஒரே பொருளை இரண்டு ஜனங்கள் இரண்டு உறுப்பாகப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஒரு மொழியின் அணியைச் சொல்லுக்குச் சொல் இன்னொரு மொழியில் வைத்தால் ஊசியின் காதில் கண்ணைத் தைத்த கதையாகிவிடும்.

அடுத்து ஆகுபெயர். ஒன்றன் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது. "கோட்டையில் முடிவெடுத்தார்கள்" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். முடிவெடுத்தது ஜார்ஜ் கோட்டையின் மதில் சுவரா? உள்ளே இருக்கும் அரசு. "கோயம்பேட்டில் தக்காளி இறங்கிவிட்டது" என்றால் தக்காளி படி இறங்கவில்லை, சந்தையில் விலை இறங்கியது. ஆங்கிலத்தில் "தி கிரவுன்" என்றால் முடி அல்ல, அரசாட்சி. "ஒயிட் ஹவுஸ்" அறிவித்தது என்றால் அமெரிக்க அதிபர் அலுவலகம் அறிவித்தது. இதற்கு "மெட்டானிமி" என்று பெயர். உறுப்பின் பெயர் முழு ஆளுக்கு வந்தால் "சினெக்டகி". சங்கச் சுற்றுலாவுக்குத் தலைக்கு ஐந்நூறு ரூபாய் வசூலித்தோமே, அதே கணக்கு. அவர்கள் வேலையாளைக் "ஹேண்ட்" என்பார்கள். நமக்கு இது சினையாகுபெயர்.

மிகைப்படுத்திச் சொன்னால் "ஹைப்பர்பலி", நம் உயர்வு நவிற்சி. நாம் "ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன்" என்போம். அவர்கள் பத்து லட்சத்தில் ஆரம்பிப்பார்கள். விடுதியில் இருக்கும் மகன் "அம்மா, ஐ ஆம் ஸ்டார்விங்" என்று செய்தி அனுப்ப, பிள்ளை பட்டினி கிடக்கிறான் என்று பதறி நம் குடியிருப்பிலிருந்து ஒரு தாய் விடுதிக் காப்பாளரையே கூப்பிட்டுவிட்டார். பையன் சொன்னது, "பசிக்கிறது, சாப்பிடப் போகிறேன்" என்பதுதான்.

முரண்பட்ட இரண்டைச் சேர்த்துக் கட்டினால் "ஆக்ஸிமோரான்". "ஓபன் சீக்ரெட்" என்றால் ஊரறிந்த ரகசியம். அந்தக் கிரேக்கச் சொல்லிலேயே கூர்மை, மழுக்கம் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஒலியை அப்படியே சொல்லாக்கினால் "ஓனமடோபியா". நம் நாய் லொள் என்கிறது, அவர்கள் நாய் பௌ-வௌ என்கிறது. ஒரே எழுத்தோசையில் சொற்கள் அடுத்தடுத்துத் தொடங்கினால் "அல்லிட்டரேஷன்". இந்த மூன்றையும் பிள்ளைகள் எளிதாகப் பிடித்துவிடுவார்கள்.

இனி வருவது பெரியவர்களுக்கு. குறைத்துச் சொல்வதும் மறைத்துச் சொல்வதும். என்னை அடித்தவை இவை இரண்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கடிதப் போக்குவரத்து பார்த்தேன். அப்போது ஃபேக்ஸ் காலம். இங்கிலாந்துப் பையர் ஒருவரிடமிருந்து ஒரு தாள் வந்தது. காலர் ரிப்பின் ஷேடு உடம்புத் துணியோடு சேரவில்லை என்ற விஷயம். அவர் எழுதியது இப்படி: நாங்கள் "எ லிட்டில் டிஸப்பாயின்டெட்", நீங்கள் "பெர்ஹாப்ஸ்" அதைக் கொஞ்சம் பார்க்க விரும்பலாம். நான் என்ன புரிந்துகொண்டேன்? கொஞ்சம்தான் ஏமாற்றம், நேரம் இருந்தால் பார்க்கலாம். கோபமாக எழுதும் பையர்கள் வேறு இருந்தார்கள், அவர்களுக்கு முதலில் பதில் போட்டேன். இந்தத் தாளை ஃபைலில் வைத்தேன். ஆறாம் நாள் அடுத்த ஃபேக்ஸ் வந்தது. அதுவும் மரியாதையாகத்தான் இருந்தது. அடுத்த சீசன் ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்களாம், இதுவரை செய்த வேலைக்கு நன்றியாம்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இவ்வளவு நல்லா எழுதியிருக்காரே, நமக்குப் புரியலையே" என்றார். அந்த சீசனில் தையல் பிரிவில் ஒரு லைன் மெஷின்கள் உறை மூடிக் கிடந்தன. பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்கள் முப்பது பேர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு கம்பெனி தேடிப் போனார்கள். அதில் பாதிப்பேர் சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள். ஷேடு தப்பியது சாயப்பட்டறையில். ஆர்டர் போனது என் மேசையில்.

ஒரு ஆங்கிலேயர் "கொஞ்சம்" என்று எழுதினால், அதைப் பெருக்கிப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இதற்கு "அண்டர்ஸ்டேட்மென்ட்" என்று பெயர். இல்லை என்ற சொல்லை வைத்து உண்டு என்று உணர்த்தினால், "நாட் பேட்" என்பதுபோல, அது "லைட்டோட்டிஸ்". நமக்கும் இது தெரியாததல்ல. ஒரு படம் எப்படி என்று கேட்டு, "சுமார்" என்று பதில் வந்தால் நாம் டிக்கெட் எடுப்பதில்லை. அந்தச் சுமாருக்கு என்ன பொருள் என்று யாரும் அகராதி பார்ப்பதில்லை. ஆனால் அவர்களுடைய சுமாரை நாம் நம்பிவிடுகிறோம்.

இரண்டு உண்மைச் சம்பவங்கள் சொல்கிறேன். 1982 ஜூன் 24. பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஜாவா தீவுக்கு அருகே இரவில் பறந்துகொண்டிருந்தது. கலுங்குங் எரிமலையின் சாம்பல் புகுந்து நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. கேப்டன் எரிக் மூடி பயணிகளுக்கு அறிவித்தார். நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன, மறுபடி ஓடவைக்க எங்களால் ஆனதைச் செய்கிறோம், நீங்கள் அதிகம் சங்கடப்படவில்லை என்று நம்புகிறேன் என்பது அதன் சாரம். நான்கு எஞ்சினும் நின்றது சின்னப் பிரச்சினை! விமானம் மிதந்து இறங்கி, சாம்பலை விட்டு வெளியே வந்தபின் எஞ்சின்கள் மறுபடி பிடித்தன. ஜகார்த்தாவில் 263 பேரும் உயிரோடு இறங்கினார்கள். அங்கே குறைத்துச் சொன்னது பீதியைத் தடுத்தது.

எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை. 1951 ஏப்ரல், கொரியப் போர், இம்ஜின் ஆற்றங்கரை. பிரிட்டிஷ் படையின் குளோஸ்டர்ஷயர் பட்டாலியனைப் பெரும் சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்க ஜெனரல் கேட்க, பிரிட்டிஷ் பிரிகேடியர் பிராடி "கொஞ்சம் சிக்கலாகத்தான் இருக்கிறது" என்ற பொருளில், "ஸ்டிக்கி" என்ற சொல்லால் பதில் சொன்னார். இன்னொரு ஆங்கிலேயர் கேட்டிருந்தால் ஆபத்து தலைக்கு மேல் போய்விட்டது என்று புரிந்திருக்கும். அமெரிக்கர், சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார் என்று போர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பட்டாலியனில் தப்பி வந்தவர்கள் சிலரே. மற்றவர்களில் பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள், பலர் மடிந்தார்கள். இரண்டு பேருக்கும் தாய்மொழி ஆங்கிலம் என்பதைக் கவனியுங்கள். அப்படியிருக்க, ஃபேக்ஸ் படித்த என்னை நானே கொஞ்சம் மன்னித்துக்கொள்ளலாம்.

அடுத்தது மறைத்துச் சொல்வது. ஆங்கிலத்தில் "யூஃபமிஸம்". நல்ல பேச்சு என்பது அதன் கிரேக்கப் பொருள். நம் நன்னூல் இதை மங்கலம், இடக்கரடக்கல் என்று பிரித்துச் சொல்கிறது. விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பது மங்கலம். கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் மங்கலம். வீட்டை விட்டுப் புறப்படும்போது "போகிறேன்" என்று யாராவது சொல்கிறோமா? "போய்விட்டு வருகிறேன்" என்கிறோம். ஒன்றுக்குப் போகிறேன் என்பதும், அவர்கள் "வாஷ்ரூம்" என்பதும் இடக்கரடக்கல்.

ஆங்கிலத்தில் "பாஸ்ட் அவே" என்றால் காலமானார். இது எல்லோருக்கும் தெரியும். "வீ ஹாவ் டு லெட் யூ கோ" என்றால் உங்களைப் போக விடுகிறோம் என்று லீவு கொடுப்பது அல்ல, வேலையை விட்டு நீக்குவது. கால்நடை மருத்துவர் நாயைத் "புட் டு ஸ்லீப்" செய்யலாமா என்று கேட்டால், தூங்க வைக்க அல்ல, வலியில்லாமல் உயிரை முடிக்க அனுமதி கேட்கிறார். சரி என்று தலையாட்டும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது என் இரண்டாவது அடி. என் அக்காவும் அத்தானும் ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில் இருந்தார்கள். அத்தான் மருத்துவமனையில். மகன் வெளியே போயிருந்த நேரத்தில் டாக்டர் வந்து அக்காவிடம், இனிமேல் அவரைக் "கம்ஃபர்டபிள்" ஆக வைத்துக்கொள்வோம் என்றார். அக்கா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர்தான். எனக்குப் போன் செய்து, "டாக்டர் தங்கமானவர்டா. அவரை நல்லா வசதியா வெச்சுக்கறோம்னு சொல்லிட்டார். நீ அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, அடுத்த மாசம் நிதானமா வா" என்றார். அந்தச் சந்தோஷத்தில் நானும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

அந்தச் சொல்லை டாக்டர் அப்படி ஒரு இடத்தில் சொன்னால், குணப்படுத்தும் வைத்தியம் முடிந்துவிட்டது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் இனி என்று பொருள். எனக்கு அது தெரியும். ஆனால் அக்கா அதைத் தமிழில் சொன்னதால் என் காதில் அது வசதி என்று மட்டும்தான் விழுந்தது. அவர் சொன்ன ஆங்கிலச் சொல் என்ன என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அத்தான் போய்விட்டார். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், என் கல்லூரிக்குப் பணம் கட்டியவர். முகத்தை வீடியோவில்தான் பார்த்தேன்.

டாக்டர் மேல் தவறு சொல்ல மாட்டேன். அவர் அன்பாகத்தான் பேசினார். மொழியில் மென்மையான சொற்கள் இருப்பதே அடிபடப்போகும் மனதைக் காக்கத்தான். ஆனால் அந்த மென்மை, அந்த மொழியிலேயே வளர்ந்தவருக்குத்தான் சரியாகப் போய்ச் சேர்கிறது. நமக்கு மென்மை வருகிறது, செய்தி வருவதில்லை.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் சில வழிகளைச் சொல்லி முடிக்கிறேன். பிள்ளைகளும் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, வரியை முதலில் நேர்ப்பொருளில் படியுங்கள். நடக்க முடியாத ஒன்றைச் சொல்கிறதா? லிஃப்டில் பேய், படியிறங்கும் தக்காளி என்று வந்தால் அங்கே அணி இருக்கிறது.

இரண்டு, எது எதற்காக நிற்கிறது என்று கேளுங்கள். ஒப்பிட்டால் உவமை, அதுவே இது என்றால் உருவகம், பெயர் மாறி நின்றால் ஆகுபெயர். பரீட்சைக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் போதும்.

மூன்று, சொல்வது யார், எந்த இடத்தில் என்று பாருங்கள். "கிரேட் ஜாப்" என்பது பாராட்டாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். "ரொம்ப நல்ல காரியம் பண்ணினே!" என்று நம் பாட்டிமார்கள் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் "ஐரனி". நம் வஞ்சப்புகழ்ச்சிக்கு நெருங்கிய உறவு. எழுத்தில் குரல் கேட்காது, ஆகவே அங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

நான்கு, நேர்ப்பொருளிலும் சரியாக இருந்து, வேறு பொருளும் தருகிற சொற்கள்தான் ஆபத்தானவை. "கொஞ்சம்", "ஒருவேளை", "வசதி". பேயைக் கண்டால் நாமே நின்று யோசிப்போம். இவை சத்தமில்லாமல் கடந்துபோய்விடும். பணம், வேலை, உடம்பு இந்த மூன்று பற்றி யாராவது ஆங்கிலத்தில் மிருதுவாகப் பேசினால் அங்கே நின்றுவிடுங்கள்.

ஐந்து, நின்று கேளுங்கள். "ப்ளீஸ் டெல் மீ இன் ப்ளெய்ன் வேர்ட்ஸ்" என்ற ஒரு வாக்கியம் போதும். நேராகச் சொல்லுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டால் டாக்டரும் சொல்வார், பையரும் சொல்வார். இன்னொருவருக்கு விஷயத்தைக் கடத்தும்போது, அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாதது கேட்பவருக்குத் தெரிந்திருக்கலாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நம் குடியிருப்பில் பாதிக்கு மேல் இருக்கும். உங்களுக்கும் இப்படி ஒரு போன் வந்தால், ஆங்கிலத்தில் ஒரு வரி புரியாமல் போனால், எந்த நேரமானாலும் சி பிளாக்கில் என் வீட்டு மணியை அடியுங்கள். எனக்கும் தெரியவில்லை என்றால் இருவரும் சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வோம். வெட்கப்பட வேண்டாம். படியேறி வந்த மாமி என்னிடம் காரணத்தைச் சொன்னதால்தானே இன்று இத்தனை பேர் கூடிப் பேசினோம்?

சுண்டல் வந்துவிட்டது. வாசனை நேர்ப்பொருளில்தான் வருகிறது, அணி எதுவும் இல்லை.